சிங்கப்பூரின் காலநிலைக் கொள்கை: முக்கியக் குறிப்புகள்

நாடு: அடிப்படைத் தரவுகள்

• பரப்பளவு: சுமார் 735 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை: 2024-இல் 60 இலட்சத்தைத் தாண்டியது.
• ஆட்சிமொழிகள் 4: மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ்.
• நாணயம்: சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கீழே "வெள்ளி" என்பதெல்லாம் இதுவே.
• உலகப் பசுமை இல்ல வாயு உமிழ்வில் பங்கு: சுமார் 0.1 விழுக்காடு.
• தனிநபர் உமிழ்வு: உலகச் சராசரியைவிட அதிகம். "சிறிய நாடு, ஆகவே சிறிய உமிழ்வு" என்ற விடை மொத்த அளவுக்குச் சரி; தலைக்கணக்குக்குத் தவறு.
• 2022-இல் மொத்த உமிழ்வு: 5.8 கோடி டன்னுக்கு மேல் (கார்பன் டை ஆக்சைடு சமான அளவில்).
• முதன்மை மூலங்கள்: தொழில் துறை, மின் உற்பத்தி. இரண்டும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். மூன்றாம் இடம்: போக்குவரத்து.
• வேளாண் உமிழ்வு: புறக்கணிக்கத்தக்க அளவு. இந்தியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் கால்நடை மீத்தேன் சிக்கல் இங்கு இல்லை.

வரையறைகள்

• பசுமை இல்ல வாயுக்கள், கியோட்டோ பட்டியல் 7: கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள், பெர்ஃபுளோரோகார்பன்கள், சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு, நைட்ரஜன் டிரைஃபுளோரைடு.
• 7-ஆவது வாயு நைட்ரஜன் டிரைஃபுளோரைடு: சிங்கப்பூர் கார்பன் வரிக்குள் 2024 முதல். குறைக்கடத்தி ஆலைகளில் பயன்படுவது.
• கார்பன் டை ஆக்சைடு சமானம்: பிற வாயுக்களின் வெப்பமூட்டும் திறனைக் கார்பன் டை ஆக்சைடு அளவாக மாற்றிய அலகு. அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் (ஐ.பி.சி.சி.) 5-ஆம் மதிப்பீட்டறிக்கையின் 100 ஆண்டு மதிப்புகள்: மீத்தேன் 28, நைட்ரஸ் ஆக்சைடு 265, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு 23,500.
• உமிழ்வுச் செறிவு: உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கான உமிழ்வு. செறிவு குறைந்தாலும் மொத்த உமிழ்வு கூடலாம்.
• முழுமை இலக்கு: மொத்த உமிழ்வுக்கே வரம்பு. சிங்கப்பூர் செறிவு இலக்கிலிருந்து முழுமை இலக்குக்கு மாறிய ஆண்டு 2020. அடிக்கடி தவறவிடப்படும் வேறுபாடு.
• நிகர பூஜ்ஜிய உமிழ்வு: வெளியேற்றமும் அகற்றலும் சமமாகும் நிலை. உமிழ்வே இல்லாத நிலை அன்று.
• 1 மெகா டன் = 10 இலட்சம் டன். 60 மெகா டன் = 6 கோடி டன்.

மாற்று ஆற்றல் குறைவுற்ற நாடு

• சிங்கப்பூர் தன்னை விவரிக்கும் அதிகாரபூர்வத் தொடர். கொள்கை முழுவதற்கும் இதுவே திறவுகோல்: இயற்கை தராததைக் கார்பன் விலை, மின் இறக்குமதி, கார்பன் வரவு ஆகிய மூன்றால் ஈடுகட்டல்.
• சட்ட அடிப்படை: ஐ.நா. காலநிலை மாற்றக் கட்டமைப்பு ஒப்பந்தத்தின் 4.8, 4.10 ஆகிய பிரிவுகள். 4.8: சிறு தீவு நாடுகள், தாழ்வான கடற்கரை நாடுகள் முதலியவற்றின் தனித்தேவை. 4.10: புதைபடிவ எரிபொருளைப் பெரிதும் சார்ந்து, மாற்று எரிபொருளுக்கு மாறுவதில் கடும் இடர்ப்பாடுள்ள நாடுகளின் நிலை.
• காற்று: சராசரி வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர். வணிகக் காற்றாலைக்குத் தேவை 4.5 மீட்டருக்கு மேல்.
• ஓதம்: ஏற்ற இறக்க வேறுபாடு சுமார் 1.7 மீட்டர். வணிக ஓத மின்நிலையத்துக்குத் தேவை சுமார் 4 மீட்டர்.
• நீர்மின்: விரைந்தோடும் பேராறு இல்லை.
• அணு: 2012-இல் முன்சாத்தியக்கூறு ஆய்வு முடிவு, அன்றைய தொழில்நுட்பங்கள் அடர்த்தி மிக்க சிறு நாட்டுக்குப் பொருந்தா. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் "123 உடன்பாடு" கையெழுத்து. இது அணு ஒத்துழைப்பு உடன்பாடு; அணு உலை அமைக்கும் முடிவு அன்று.
• எஞ்சியது: சூரிய ஆற்றல். அதற்கும் தடை நிலப்பற்றாக்குறை, மேகமூட்டம்.

ஒப்பந்தங்களும் இலக்குகளும்: காலவரிசை

• 1972: சுற்றுச்சூழல் அமைச்சு தொடக்கம். ஸ்டாக்ஹோம் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்த அதே ஆண்டு. இத்தகைய தனி அமைச்சை முதலில் அமைத்த நாடுகளுள் ஒன்று.
• 1992: முதல் சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம். ரியோ புவி உச்சி மாநாட்டு ஆண்டு.
• 1997 மே: ஐ.நா. காலநிலை மாற்றக் கட்டமைப்பு ஒப்பந்தம் ஏற்புறுதி.
• 2006 ஏப்ரல்: கியோட்டோ நெறிமுறையில் இணைவு. கட்டமைப்பு ஒப்பந்தத்தின் இணைப்பு 1-இல் (வளர்ந்த நாடுகளின் பட்டியல்) இடம்பெறாத நாடு. ஆகவே கட்டாயக் குறைப்பு இலக்கு இல்லை.
• 2009 டிசம்பர்: கோபன்ஹேகன் மாநாட்டையொட்டிய உறுதிமொழி. வழக்கமான போக்கில் 2020-இல் இருக்கக்கூடிய அளவிலிருந்து 16 விழுக்காடு குறைப்பு.
• 2015 ஜூலை: பாரிஸுக்கு முந்தைய பங்களிப்பு அறிவிப்பு. 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் உமிழ்வுச் செறிவு 36 விழுக்காடு குறைப்பு. 2030-ஐ ஒட்டி உச்சம்.
• 2016 ஏப்ரல் 22: பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்து. 2016 செப்டம்பர் 21: ஏற்புறுதி.
• 2018: "காலநிலைச் செயல்பாட்டு ஆண்டு" என அறிவிப்பு.
• 2020 மார்ச் 31: திருத்திய தேசிய பங்களிப்பு. 2030-ஐ ஒட்டி உச்ச அளவு 6.5 கோடி டன். உடன் வெளியானது நீண்டகாலக் குறை உமிழ்வு உத்தி: உச்சத்தில் பாதி, 3.3 கோடி டன், 2050-க்குள்.
• 2021 பிப்ரவரி 1: காலநிலை மாற்றம் உலகளாவிய அவசரநிலை என நாடாளுமன்றத் தீர்மானம்.
• 2021 பிப்ரவரி 10: சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030.
• 2022 பிப்ரவரி: வரவு செலவுத் திட்ட உரை. "நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்லது அதையொட்டி" நிகர பூஜ்ஜியம்.
• 2022 அக்டோபர்: அன்றைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவிப்பு. நிகர பூஜ்ஜியம் 2050 என ஆண்டு உறுதி. 2030 இலக்கு 6.5 கோடியிலிருந்து சுமார் 6 கோடி டன்னாகக் குறைப்பு.
• 2025 பிப்ரவரி: 2035 இலக்கு. 4.5 கோடி முதல் 5 கோடி டன் வரை.
• நினைவில் நிற்க வேண்டிய வரிசை: 6.5, 6, 4.5–5, நிகர பூஜ்ஜியம். முதல் இரண்டும் 2030-க்கு. முதலாவது இன்று செல்லாது.

கவனிக்கத்தக்கது: 2015-இன் 36 விழுக்காடும் 2009-இன் 16 விழுக்காடும் வெவ்வேறு அளவுகோல்கள். முதலாவதன் அடிப்படை 2005-ஆம் ஆண்டுச் செறிவு. இரண்டாவதன் அடிப்படை 2020-க்கான கற்பிதப் போக்கு. கற்பிதப் போக்கை ஒப்பிட்ட இலக்கை எட்டுவது எளிது. போக்கை உயர்த்திக் கணித்தால் போதும்.

நிறுவன அமைப்பு

• காலநிலை மாற்றத்துக்கான அமைச்சர்கள்நிலைக் குழு: 2007. பல அமைச்சுகளின் ஒருங்கிணைப்பு.
• 2009 கோபன்ஹேகன் உறுதிமொழிக் காலத்தில் குழுத் தலைமை: மூத்த அமைச்சர் எஸ். ஜெயக்குமார். சட்டப் பேராசிரியர், தமிழ் மரபினர். பின்னர் நீண்ட காலம் தலைமை: தியோ சீ ஹியென்.
• தேசிய காலநிலை மாற்றச் செயலகம்: 2010 ஜூலை. பிரதமர் அலுவலகத்தின் கீழ். சுற்றுச்சூழல் அமைச்சின் கீழ் என்ற விடை தவறு.
• நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு: 2020 ஜூலையில் பெயர் மாற்றம். அமைச்சர்: கிரேஸ் ஃபூ.
• தேசிய சுற்றுப்புற வாரியம்: 2002. கார்பன் வரியை வசூலிக்கும் அமைப்பு.
• எரிசக்திச் சந்தை ஆணையம்: மின்சாரம், எரிவாயு ஒழுங்காற்று.
• பொதுப் பயனீட்டுக் கழகம்: தண்ணீர், 2020 முதல் கடற்கரைப் பாதுகாப்பும்.

கார்பன் வரி

• தென்கிழக்கு ஆசியாவின் முதல் கார்பன் விலைத் திட்டம். நடைமுறை: 2019 ஜனவரி 1.
• சட்டம்: கார்பன் விலையிடல் சட்டம், 2018 மார்ச்சில் நிறைவேற்றம்.
• முதல் அறிவிப்பு: 2017 வரவு செலவுத் திட்டம். அப்போது முன்மொழிவு டன்னுக்கு 10 முதல் 20 வெள்ளி. நடைமுறையில் வந்தது 5 வெள்ளி. தொழில் துறைக் கலந்தாய்வுக்குப் பின் முன்மொழிவின் கீழ் எல்லையிலும் பாதி.
• வரி விகிதம், ஒரு டன்னுக்கு: 2019–2023, 5 வெள்ளி. 2024–2025, 25 வெள்ளி. 2026–2027, 45 வெள்ளி. 2030-க்குள், 50 முதல் 80 வெள்ளி.
• 5-இலிருந்து 25: ஒரே ஆண்டில் ஐந்து மடங்கு உயர்வு.
• வரிக்குட்படும் ஆலை: ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் நேரடி உமிழ்வு. எண்ணிக்கை: சுமார் 50.
• அறிக்கை மட்டும் அளிக்க வேண்டிய ஆலை: 2,000 டன் முதல். இரு எண்களையும் இடம்மாற்றி எழுதுவது வழக்கமான பிழை.
• வரிக்கு உட்படும் துறைகள்: உற்பத்தி, மின்சாரம், கழிவு, நீர். தேசிய உமிழ்வின் பெரும்பகுதி இவற்றுள்.
• வாகனப் பெட்ரோல், டீசல்: கார்பன் வரிக்கு வெளியே, ஏற்கெனவே கலால் தீர்வை உண்டு.
• வரி செலுத்தும் முறை: வாரியத்திடம் நிலையான விலையில் கார்பன் வரவுகளை வாங்கி ஒப்படைத்தல். இவ்வரவுகளைப் பிறருக்கு விற்க இயலாது. ஆகவே இது உமிழ்வு வணிகத் திட்டம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையிலிருந்து வேறுபடும் இடம் இதுவே.
• மின் நிலையங்களும் வரி செலுத்துவதால் வீட்டு மின் கட்டணத்துக்கும் விலை பரவுகிறது. 25 வெள்ளி விகிதத்தில் நான்கறை அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடுதல் என அரசு மதிப்பீடு.
• ஈடு: யூ-சேவ் தள்ளுபடி. பயனீட்டுக் கட்டணத்தில் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளுக்குக் கழிவு. 2019 முதல் 2021 வரை கார்பன் வரிக்கென ஆண்டுக்குக் கூடுதல் 20 வெள்ளி.
• நிலைமாற்றச் சலுகை: பன்னாட்டுப் போட்டியில் உள்ள, உமிழ்வுச் செறிவு மிகுந்த நிறுவனங்களுக்கு 2024 முதல் உமிழ்வின் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அளிக்கப்பட்ட அளவு வெளியிடப்படுவதில்லை. பட்டியலில் உள்ள விகிதமும் ஆலை உண்மையில் செலுத்தும் விகிதமும் ஒன்றல்ல என்பதால், 25 வெள்ளியைப் பிற நாட்டு விகிதங்களோடு நேரடியாக ஒப்பிடல் பிழை.
• நோக்கம்: வருவாய் அன்று என்பது அரசு நிலைப்பாடு. வசூல் கார்பன் குறைப்புக்கும் நிலைமாற்ற உதவிக்கும்.

பன்னாட்டுக் கார்பன் வரவுகள்

• 2024 முதல் வரிக்குட்படும் உமிழ்வில் 5 விழுக்காடு வரை, வரிக்குப் பதிலாக வெளிநாட்டு வரவுகளால் ஈடு செய்ய அனுமதி.
• அடிப்படை: பாரிஸ் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு. நாடுகளுக்கிடையே குறைப்பு விளைவுகளின் பரிமாற்றம்.
• ஒத்தியைவுத் திருத்தம்: விற்கும் நாடு தன் கணக்கில் கூட்டிக்கொள்ளல், வாங்கும் நாடு கழித்துக்கொள்ளல். இரட்டைக் கணக்கைத் தடுக்கும் விதி.
• தகுதிக் கோட்பாடுகள் 7: இரட்டைக் கணக்கின்மை, கூடுதல் தன்மை, உண்மைத் தன்மை, அளவிட்டுச் சரிபார்த்தல், நிலைத்தன்மை, பிற தீங்கின்மை, இடம்பெயர் கசிவின்மை.
• முதல் செயலாக்க உடன்பாடு: பாப்புவா நியூ கினி, 2023 டிசம்பர், துபாய் காலநிலை மாநாட்டையொட்டி. அடுத்து கானா (2024). பூட்டான், பெரு (2025).
• பூட்டானுடன் உடன்பாடு தேர்வுக்கு ஏற்ற இணை: கார்பன் எதிர்மறை நாடாகிய ஒரு சிறு நாடு விற்பனையாளர், காடு குறைந்த ஒரு சிறு நாடு வாங்குபவர்.

மின்சாரம்

• நான்கு வழிகள், 2019 அக்டோபர் அறிவிப்பு: இயற்கை எரிவாயு, சூரிய ஆற்றல், வட்டார மின்தொகுப்பு, குறை கார்பன் மாற்றுகள்.

இயற்கை எரிவாயு
• மின் உற்பத்தியில் பங்கு: 2000-இல் சுமார் 19 விழுக்காடு, இன்று சுமார் 95 விழுக்காடு. எஞ்சியது: சூரிய ஒளி, கழிவு எரிப்பு முதலியன.
• முன்பிருந்தது உலை எண்ணெய். நாட்டின் மிகப் பெரிய உமிழ்வுக் குறைப்பு இந்த மாற்றத்தால் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆகவே நிலக்கரியை மூடிக் குறைப்பு காட்டும் வாய்ப்பு இந்நாட்டுக்கு இல்லை.
• குழாய்வழி மூலங்கள்: மலேசியா, இந்தோனேசியா. திரவ எரிவாயு முனையம்: ஜூரோங் தீவு, 2013 மே முதல் வணிகச் செயல்பாடு.
• மின்தொகுப்பு உமிழ்வுக் காரணி: ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.4 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு.

சூரிய ஆற்றல்
• இலக்கு: 2025-க்குள் 1.5 ஜிகாவாட் உச்சத் திறன்; 2030-க்குள் குறைந்தது 2 ஜிகாவாட்.
• 2 ஜிகாவாட் எட்டினாலும் மின் தேவையில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே. நிலத்தடையை ஒரே எண்ணில் காட்டும் தரவு.
• சோலார்நோவா திட்டம்: 2014. அரசுக் கட்டடக் கூரைகளுக்கும் அடுக்குமாடிக் கூரைகளுக்கும் சேர்த்து மொத்தக் கொள்முதல்.
• தெங்கே நீர்த்தேக்க மிதவைச் சூரிய மின்நிலையம்: 2021 ஜூலை 14 திறப்பு. திறன் 60 மெகாவாட் உச்சம், தகடுகள் 1,22,000, பரப்பு 45 ஹெக்டேர். இயக்கம்: செம்ப்கார்ப். பயன்: நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மின்சாரம்.
• மின் சேமிப்பு: 200 மெகாவாட் இலக்கு 2022 டிசம்பரில் எட்டப்பட்டது. இடம் ஜூரோங் தீவு. அந்நாளில் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரியது.

இறக்குமதி
• லாவோஸ்–தாய்லாந்து–மலேசியா–சிங்கப்பூர் மின் ஒருங்கிணைப்புத் திட்டம்: 2022 ஜூன் 23 தொடக்கம். லாவோஸ் நீர்மின், 100 மெகாவாட் வரை.
• இரு முதன்மைகள்: நான்கு ஆசியான் நாடுகள் பங்கேற்ற முதல் பலதரப்பு மின் வணிகம், சிங்கப்பூரின் முதல் புதுப்பிக்கத்தக்க மின் இறக்குமதி.
• இலக்கு 2035-க்குள்: முதலில் 4 ஜிகாவாட் (2021 அறிவிப்பு); பின் 6 ஜிகாவாட் (2024 செப்டம்பர்). 6 ஜிகாவாட் = அன்றைய மதிப்பீட்டில் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.
• நிபந்தனை அனுமதி பெற்ற மூல நாடுகள்: இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம், ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியத் திட்டம்: சன்கேபிள், 1.75 ஜிகாவாட், 2024 அக்டோபர்.
• இடர்: கம்பிவடம் கடக்கும் நாடுகளின் ஏற்றுமதிக் கொள்கை மாற்றம். மலேசியா 2021-இல் புதுப்பிக்கத்தக்க மின் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2023-இல் நீக்கியது.

ஹைட்ரஜன்
• தேசிய ஹைட்ரஜன் உத்தி: 2022 அக்டோபர். 2050-க்குள் மின் தேவையில் பாதி வரை வழங்கக்கூடும் என்பது மதிப்பீடு, இலக்கு அன்று.
• எதிர்கால எரிசக்தி நிதி: 2024-இல் 500 கோடி வெள்ளி, 2025-இல் மேலும் 500 கோடி வெள்ளி.

தொழில் துறை: ஜூரோங் தீவு

• ஏழு சிறு தீவுகளைக் கடல் நிரப்பி இணைத்தது. நிறுவனங்கள் 100-க்கு மேல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெட்ரோ வேதியியல்.
• நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை: புக்கோம் தீவு, ஷெல், 1961.
• நீடித்த ஜூரோங் தீவுத் திட்டம்: 2021 நவம்பர். 2030-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 20 இலட்சம் டன் கார்பன் பிடித்து வைக்கும் வாய்ப்பு.
• கார்பனைப் புதைக்கப் பொருத்தமான நிலவியல் அமைப்பு உள்நாட்டில் இல்லை. பிடிப்பது இங்கு, புதைப்பது பிற நாட்டில். காற்று, நீர்மின் பற்றிய அதே சிக்கலின் மறுபக்கம்.
• எரிசக்திச் சேமிப்புச் சட்டம்: 2012 நிறைவேற்றம், 2013 நடைமுறை. பெரும் நுகர்வோர்க்கு எரிசக்தி மேலாளர் நியமனம் கட்டாயம்.
• தரவு மையங்கள்: 70-க்கு மேல், திறன் 1.4 ஜிகாவாட். நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு. புதிய மையங்களுக்கு 2019 முதல் 2022 வரை நடைமுறைத் தடை. 2024 மே: பசுமைத் தரவு மைய வழித்திட்டம், குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் திறன்.

கணக்கில் சேராதவை

• பன்னாட்டுக் கப்பல், விமான எரிபொருள் உமிழ்வு: ஐ.நா. அறிக்கை விதிப்படி தேசிய மொத்தத்தில் சேராது, தனியே குறிப்பிடப்படும்.
• உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகம்: சிங்கப்பூர். 2024 விற்பனை: சுமார் 5.5 கோடி டன்.
• ஒரு டன் கப்பல் எரிபொருள் எரிந்தால் சுமார் 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் சுமார் 17 கோடி டன். தேசியக் கணக்கில் உள்ள முழு உமிழ்வின் ஏறத்தாழ மூன்று மடங்கு. 0.1 விழுக்காடு என்ற எண் மேற்கோள் காட்டப்படும் இடமெல்லாம் இந்த எண் விடுபடுகிறது.
• விதி மீறல் அன்று. எல்லா நாட்டுக்கும் ஒரே விதி. எரிவது நடுக்கடலில், கப்பல் பல நாட்டுடையது. ஆனால் துறைமுக வருவாய் சிங்கப்பூருடையது.
• பொறுப்பு அமைப்புகள்: கப்பலுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, இலண்டன், விமானத்துக்குப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, மொன்ட்ரியல்.
• உள்நாட்டு விமானச் சேவை இல்லாத நாடு. ஆகவே சாங்கி விமான நிலையத்தின் பயணியர் விமானங்கள் அனைத்தும் பன்னாட்டுப் பிரிவில்.
• நீடித்த விமான எரிபொருள்: 2024 பிப்ரவரி அறிவிப்பு. புறப்படும் விமானங்களுக்கு 2026 முதல் 1 விழுக்காடு இலக்கு. 2030-க்குள் 3 முதல் 5 விழுக்காடு.

போக்குவரத்து

• பகுதி உரிமத் திட்டம்: 1975 ஜூன். உலகின் முதல் நகர நெரிசல் கட்டணம்.
• மின்னியல் சாலைக் கட்டணம்: 1998. முந்தையதற்கு மாற்று.
• வாகன ஒதுக்கீட்டு முறை: 1990 மே. வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில். செல்லுபடி 10 ஆண்டுகள்.
• கார், மோட்டார் சைக்கிள் வளர்ச்சி விகிதம்: 2018 பிப்ரவரி முதல் பூஜ்ஜியம். அதற்கு முன் 0.25 விழுக்காடு.
• பகுதி உரிமம், மின்னியல் கட்டணம், வாகன ஒதுக்கீடு மூன்றும் நெரிசலுக்காகப் பிறந்தவை. காலநிலைக் கொள்கையாகப் பின்னர் எண்ணப்பட்டவை. 1975-இல் யாரும் கார்பன் கணக்கு எழுதவில்லை.
• 2025 முதல்: புதிய டீசல் கார், டாக்சி பதிவு இல்லை. 2030 முதல்: புதிய கார், டாக்சி அனைத்தும் தூய எரிசக்தி வகை. 2040-க்குள்: எல்லா வாகனங்களும்.
• மின்னேற்றி இலக்கு: 2030-க்குள் 60,000. பொது இடங்களில் 40,000. தனியார் இடங்களில் 20,000.
• ரயில் பாதை: 2030-களின் தொடக்கத்தில் சுமார் 360 கிலோமீட்டர்.

கட்டடங்கள்

• பசுமைக் குறியீட்டுச் சான்று: 2005. கட்டட, கட்டுமான ஆணையம்.
• 80-80-80 இலக்கு, 2030: மொத்தத் தளப்பரப்பில் 80 விழுக்காடு பசுமைக் கட்டடம், புதிய கட்டடங்களில் 80 விழுக்காடு மிகக்குறை எரிசக்தி வகை, சிறந்த கட்டடங்களில் 2005 நிலையைவிட 80 விழுக்காடு திறன் மேம்பாடு.
• உமிழ்வில் கட்டடங்களின் பங்கு: 20 விழுக்காட்டுக்கு மேல். காரணத்துள் முதன்மை: குளிரூட்டல்.
• மரினா பே வட்டாரக் குளிரூட்டல்: நிலத்தடி நிலையத்திலிருந்து குளிர்நீர்க் குழாய். உலகின் மிகப் பெரிய நிலத்தடி வகைகளுள் ஒன்று.
• கட்டாய எரிசக்தி முத்திரை: 2008. குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றுக்கு.

பசுமைத் திட்டம் 2030

• பொறுப்பு அமைச்சுகள் 5: கல்வி; தேசிய வளர்ச்சி; நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புறம்; போக்குவரத்து; வர்த்தகம், தொழில்.
• தூண்கள் 5: இயற்கையில் நகரம், நீடித்த வாழ்வு, எரிசக்தி மறுசீரமைப்பு, பசுமைப் பொருளாதாரம், மீள்திறன் கொண்ட எதிர்காலம்.
• பத்து இலட்சம் மரங்கள் இயக்கம்: 2020 ஏப்ரல். கார்பன் கணக்கில் பங்கு சிறிது; வெப்பத் தணிப்பில் பெரிது.
• செமாக்காவ்: நாட்டில் எஞ்சிய ஒரே குப்பை நிரப்பு நிலம், 1999. 2035-ஐ ஒட்டி நிரம்பும் என மதிப்பீடு. நிலத்துக்கு அனுப்பும் தனிநபர்க் கழிவில் 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பு இலக்கு.
• பொதுத் துறை: 2025-ஐ ஒட்டி உச்சம், 2045-ஐ ஒட்டி நிகர பூஜ்ஜியம். தேசிய இலக்குக்கு ஐந்தாண்டு முன்.

நிதி

• முதல் அரசுப் பசுமைப் பத்திரம்: 2022 ஆகஸ்ட். 240 கோடி வெள்ளி; தவணை 50 ஆண்டுகள்; முதிர்வு 2072.
• பொதுத் துறைப் பசுமைப் பத்திர வரம்பு: 2030-க்குள் 3,500 கோடி வெள்ளி வரை.
• சிங்கப்பூர்–ஆசிய வகைப்பாடு: 2023 டிசம்பர். பச்சைக்கும் தகுதியின்மைக்கும் இடையே "அம்பர்" எனும் நிலைமாற்றப் பிரிவு. வெளியீடு: சிங்கப்பூர் நாணய ஆணையம்.

பேச்சுவார்த்தை மேசையில்

• டாமி கோ: 1992 ரியோ மாநாட்டின் ஆயத்தக் குழுத் தலைவர்.
• விவியன் பாலகிருஷ்ணன்: சுற்றுச்சூழல் அமைச்சர் 2011–2015, பின் வெளியுறவு அமைச்சர். தந்தை வழியில் தமிழர். பாரிஸ் 2015-இல் வளர்ந்த, வளரும் நாடுகளின் பொறுப்பு வேறுபாடு குறித்த பேச்சின் இணை ஒருங்கிணைப்பாளர், பிரேசிலின் இசபெல்லா டெய்ஷெய்ராவுடன்.
• கிரேஸ் ஃபூ: 6-ஆம் பிரிவுப் பேச்சில் இணை ஒருங்கிணைப்பாளர். கிளாஸ்கோ 2021-இல் நார்வேயுடன். பாகு 2024-இல் நியூசிலாந்துடன். பின் அதே பிரிவின் கீழ் வரவு வாங்கும் முன்னணி நாடு சிங்கப்பூர்.
• சிறு தீவு நாடுகளின் கூட்டணி: 1990. உறுப்பினர் 39, சிங்கப்பூரும் ஒன்று.
• சிறு நாடுகளின் மன்றம்: 1992, ஐ.நா.வில், சிங்கப்பூர் முன்முயற்சி.

தகவமைப்பு

• நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு: கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரம்.
• மூன்றாம் தேசிய காலநிலை ஆய்வு: 2024 ஜனவரி. 2100-க்குள் கடல்மட்ட உயர்வு 1.15 மீட்டர் வரை. உயர் உமிழ்வு நிலையில் 2150-க்குள் சுமார் 2 மீட்டர். சராசரி வெப்பநிலை உயர்வு நூற்றாண்டு இறுதிக்குள் 0.6 முதல் 5 டிகிரி செல்சியஸ்.
• 2019 தேசிய தினப் பேரணி உரை, அன்றைய பிரதமர் லீ சியென் லூங்: கடற்கரைப் பாதுகாப்புக்கு 100 ஆண்டுகளில் 10,000 கோடி வெள்ளி அல்லது அதற்கு மேல் செலவாகலாம்.
• கடற்கரை, வெள்ளப் பாதுகாப்பு நிதி: 2020, 500 கோடி வெள்ளி. 2025-இல் மேலும் 500 கோடி.
• மரினா தடுப்பணை: 2008. நன்னீர்த் தேக்கம், வெள்ளத் தடுப்பு இரண்டும்.
• லாங் ஐலண்ட்: கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டேர் நிலமீட்பு, 2023 நவம்பர் அறிவிப்பு. புதிய நீர்த்தேக்கமும் அடங்கும்.
• போல்டர்: கடல்மட்டத்துக்குக் கீழுள்ள நிலத்தை அணையிட்டு, நீரிறைத்து உலர்த்திக் காக்கும் நெதர்லாந்து முறை. சிங்கப்பூரின் முதல் போல்டர்: தெக்கோங் தீவு, சுமார் 800 ஹெக்டேர். பயன்பாடு: இராணுவப் பயிற்சி.